நாற்காலியோடு எழுந்த துரை

கடலூரில் ஒரு பெரிய அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று துருவிக் கேட்க வேண்டாம். பட்டா மாறுதலோ சாதிச் சான்றிதழோ, நாளைக்கு நமக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும். அந்த அலுவலகத்தில் பெரிய அதிகாரிக்கு முன்னால் நடந்து போகிறவர் சிங்காரம். டபேதார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், தலையில் சரிகை வைத்த தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன் நடுவே பளபளவென்று ஒரு பித்தளை வில்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறி எத்தனையோ காலமாகிவிட்டது. போகிற அவசரத்தில் இந்த உடுப்பை மட்டும் ஆணியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சிங்காரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கிள்ளைப் பக்கத்து ஆள். ஆறடி உயரம், தேக்குக் கட்டை முதுகு. வேலைக்கு எடுத்தபோது அவரிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "நல்லா நிப்பியாய்யா?" என்பதுதான். "நிப்பேங்க ஐயா" என்றார் சிங்காரம். அன்றைக்கு நிற்க ஆரம்பித்தவர். அதிகாரி வந்தால் நிற்பார், போனால் நிற்பார், வருவாரோ என்று நினைத்தாலும் நிற்பார். அதற்கென்று ஒரு நிலை வைத்திருந்தார். குதிகால் இரண்டும் ஒட்டியிருக்கும். இடது மணிக்கட்டை வலது கை பிடித்திருக்கும். கழுத்து ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும், சொல்லப்போவதைக் கேட்டுக்கொள்ளத் தயார் என்பது போல.

அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லையே! கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் யாராவது கையில் ஃபைலோடு ஏறினால் சிங்காரம் எழுந்துவிடுவார். அந்த ஆள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருப்பான், "தேங்க்ஸ் சார்" என்று உட்கார்ந்து சிதம்பரம் வரைக்கும் பாலிசி பேசிக்கொண்டே வருவான். வீட்டில் உள்ளூர்ச் சேனலில் அதிகாரி கொடியேற்றுவதைக் காட்டினால், கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு டிவி முன்னால் எழுந்து நிற்பார். மனைவி சவரியம்மாளுக்கு இதெல்லாம் பழகிப்போன கூத்து. ஆனால் கல்யாணத்தன்று நடந்ததை மட்டும் அவள் விடுவதாக இல்லை. பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் முதல் கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது, பரிசு கொடுக்கத் தாசில்தார் உள்ளே நுழைந்தார். மாப்பிள்ளை விறைத்து எழுந்து நின்றார். சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்து யாரோ இலையை எடுத்துவிட்டார்கள்.

"பொண்டாட்டி பக்கத்துல ஒக்காந்து ஒரு வாய் சோறு தின்னாத ஆளுதானே நீங்க" என்பாள் சவரியம்மாள், சண்டை வரும்போதெல்லாம். சண்டை வராதபோதும் சொல்வாள்.

நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்துக்கொண்டு, சாயங்காலமானால் கால் உரல் மாதிரி கனக்கும். "ஒக்காருங்க, கால் நீட்டுங்க, அதான் வைத்தியம்" என்றார் டாக்டர். சொன்னவர் எழுந்து கை கழுவப் போனார். சிங்காரமும் கூடவே எழுந்து நின்றார்.

இவர்களுக்கு ஒரே மகள், அறிவுமதி. படிப்பு என்றால் படிப்பு, அப்படி ஒரு படிப்பு. பரீட்சை எழுதி, தொழிலாளர் உதவி ஆய்வாளராகி, சிதம்பரத்தில் போஸ்டிங் வாங்கி, அண்ணாமலை நகரில் வீடெடுத்துத் தங்கியிருந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் சிங்காரம் டிபன் கேரியரோடு மகளைப் பார்க்கப் போனார். அவள் சீட்டில் இல்லை. வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அறிவுமதி கையில் ஃபைலோடு, பின்னால் இரண்டு பேர் வர, விறுவிறுவென்று வராந்தாவில் வந்தாள். சிங்காரம் எழுந்தார். குதிகால் ஒட்டியது, கழுத்து சாய்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"வணக்கங்க மேடம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பெரியவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்த சிரிப்புதான். அறிவுமதி சிரிக்கவில்லை. டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்து ஒரே அழுகை.

"நான் ஒனக்கு மேடமாப்பா? நீ எந்திரிச்சி நிக்கவா நான் விடிய விடியப் படிச்சேன்? கால்ல நரம்பு புடைச்சிக்கெடக்கு, டாக்டர் சொன்னதக் கேட்டியா? ஒரே ஒரு தடவ, ஒரு ஆபீசர் முன்னாடி நீ ஒக்காந்து காட்டு. அதுவரைக்கும் ஒன்கிட்ட நான் பேசமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், தாயைப் போலப் பிடிவாதக்காரி. அதற்குப் பிறகு போனில் வருவாள், அம்மாவோடு மட்டும் பேசுவாள். "அவரக் கால் தூக்கி வெச்சிக்கச் சொல்லு" என்பாள். சிங்காரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். மகள் குரல் காதில் விழுகிறது, தனக்கென்று ஒரு வார்த்தை இல்லை. அவர் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தண்டனையை எந்த அதிகாரியும் அவருக்குக் கொடுத்ததில்லை.

உட்காரலாமென்றுதான் பார்த்தார். பெரிய அதிகாரி அறைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு, இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி அடித்தது. எப்போது எழுந்தார், எப்போது கதவைத் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. மனசு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தது, உடம்பு மட்டும் உள்ளே போய் நின்றது.

இந்தச் சமயத்தில்தான் சுதந்திர தின நாடகம் வந்து சேர்ந்தது.

அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களும் குடும்பத்தாருமாகச் சேர்ந்து ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கலைநிகழ்ச்சி நடத்துவது என்று முடிவாயிற்று. நாடகம் எழுதித் தரச் சொல்லிச் சவரியம்மாளின் தம்பி செம்பியனைப் பிடித்தார்கள். செம்பியன் ஒரு கல்லூரியில் வரலாற்று வாத்தியார். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் நடத்துவதை மூன்று மணி நேரம் நடத்தக்கூடியவன். வெள்ளைக்காரனை வீரவசனம் பேசி விரட்டும் நாடகமெல்லாம் தனக்குப் பிடிக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"மாமா, நாப்பத்திரெண்டுல கதை நடக்குது. சிங்கப்பூர் போச்சி, ரங்கூன் போச்சி. ஜப்பான்காரன் கப்பல் வருதுன்னு மெட்ராஸ்லயே ஆபீசயெல்லாம் மூட்டை கட்டறான். நம்ம கடலூர்ல ஒரு தொரை. கடல்ல கட்டுமரத்து வெளக்கப் பாத்துட்டு, ஐயோ ஜப்பான்காரன்னு கட்டிலுக்கடியில பூந்துக்கறான். பெட்ரோல் கெடையாது, பஸ்ஸெல்லாம் கரியில ஓடுது. தொரைக்குத் திங்க ரொட்டி இல்ல. சமையக்காரன் சொல்லாமக் கொள்ளாம ஊருக்குப் போயிட்டான்."

"அப்ப ஜப்பான்காரந்தான் நமக்குச் சுதந்திரம் வாங்கிக் குடுத்தானா?" என்றார் சிங்காரம்.

"அவன் வந்திருந்தா நம்மள உரிச்சிருப்பான் மாமா. அது இல்ல விஷயம். போர்ல கடைசியில வெள்ளக்காரன்தான் ஜெயிச்சான். ஆனா அந்தச் சில வருஷத்துல ஜனங்க ஒண்ணக் கண்ணால பாத்துட்டாங்க, இவனும் பயப்படுவான், இவனும் ஓடுவான்னு. அதப் பாத்த பொறவு யாரு சலாம் போடுவா? ஜெயிலுக்குப் போனவங்க, அடிபட்டவங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தினமும் எந்திரிச்சி நின்ன பியூன் ஒருநாள் எந்திரிக்கல. அன்னைக்குப் போச்சி மாமா அவன் ராஜ்யம்."

கடைசிக் காட்சி இதுதான். துரை மேஜை மணியை அடிப்பான். பியூன் சடையப்பன் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் வேட்டி சட்டையில் வருவான். சலாம் போடமாட்டான். ஸ்டூலை இழுத்துத் துரைக்கு எதிரிலேயே போட்டு உட்காருவான். துரை வாயடைத்துப்போய் நாற்காலியில் கிடப்பான். திரை. வசனம் கிடையாது.

கைதட்டல் எங்கே விழும் என்று மோப்பம் பிடிப்பதில் அலுவலக மேலாளர் ராஜமாணிக்கம் கெட்டிக்காரர். கதையைக் கேட்டதுமே "சடையப்பன் நான்தான்" என்று துண்டு போட்டுவிட்டார். துரை வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ள யார் சம்மதிப்பார்கள்? செம்பியன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்த சிங்காரத்தைக் காட்டினான்.

"உயரம் இருக்கு, மீசை இருக்கு. நெறம்தானே, பவுடர் அடிச்சிக்கலாம்."

சிங்காரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் ஒன்று தோன்றியது. நாடகம் முழுக்கத் துரை உட்கார்ந்திருப்பான், ராஜமாணிக்கம் ஐயா நின்று சலாம் போடுவார். சிதம்பரத்தில் நடக்கிறது, அறிவுமதி வருவாள். ஊரறிய, மேடை போட்டு, லைட் போட்டு, ஆபீசர் முன்னால் உட்கார்ந்து காட்ட இதைவிட்டால் வேறு வாய்ப்பு ஏது?

"செய்யறேன் மச்சான்" என்றார்.

ஒத்திகை ஆரம்பித்த பிறகுதான் செம்பியனுக்குத் தான் எதில் கைவைத்தோம் என்று புரிந்தது. துரை கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். "டேய் மேன்! யார் அங்கே? நான் கூப்டான், நீ வராது?" என்று கர்ஜிப்பார். அதில் ஒரு குறையும் இல்லை. ராஜமாணிக்கத்துக்கு எந்த அறைக்குள் நுழையும்போதும் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் வழக்கம். "க்க்கும்" என்று ஒரு கனைப்பு. அவ்வளவுதான், துரை எழுந்து நிற்பார்.

"மாமா, நீ தொரை!"

"தெரியுது மச்சான், காலுக்குத் தெரியலியே!"

கனைக்காமல் வரச் சொல்லிப் பார்த்தார்கள், வழுக்கையைத் தடவிக்கொண்டு வந்தார், துரை எழுந்தார். தடவாமல் வரச் சொன்னார்கள், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார், துரை எழுந்தார். ராஜமாணிக்கத்துக்கு மூக்கு மேல் கோபம். "யோவ் சிங்காரம், நீ எந்திரிச்சிட்டா நான் யாருக்குய்யா சலாம் போடறது?" என்று கத்தினார். அந்தக் கத்தலுக்கும் சிங்காரம் நின்றுகொண்டேதான் பதில் சொன்னார்.

கடைசியில் சவரியம்மாள்தான் வழி சொன்னாள். அவருடைய சிவப்புப் பட்டையாலேயே அவரை நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் கட்டினார்கள். மேலே கோட்டுப் போட்டால் கட்டு தெரியாது. எழப் பார்ப்பார், பட்டை இழுக்கும், ஞாபகம் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒத்திகை ஒருவழியாகத் தேறியது.

"அம்மா, நாடகத்துல அவருக்கு என்னா வேஷமாம்?" என்று மகள் போனில் கேட்டாள். "தொரை வேஷம்டி. கடைசி வரைக்கும் ஒக்காந்தே இருப்பாராம், நம்ம மேனேஜர் நிப்பாராம்" என்றாள் சவரியம்மாள். மகள் "பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சிங்காரம் அன்றிரவு படுக்கையில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார். வரப் பார்க்கிறேன் என்றாளா, உட்காருகிறாரா என்று பார்க்கிறேன் என்றாளா?

ஆகஸ்ட் பதினைந்தும் வந்தது. காலையில் கொடியேற்றத்தின்போது சிங்காரம் வழக்கம்போல உடுப்பில் விறைப்பாக நின்றார். மத்தியானம் அந்த உடுப்பு அப்படியே ராஜமாணிக்கத்தின் மேல் ஏறியது. அசல் டபேதார் உடுப்பு இருக்கும்போது வாடகை உடுப்பு எதற்கு என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். சட்டை முழங்கால் வரை வந்தது, தொப்பைக்குக் குறுக்கே பட்டை முட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் சவரியம்மாளுக்கு உறைத்தது, பட்டை அங்கே போய்விட்டால் இவரை எதைக் கொண்டு கட்டுவது? பையிலிருந்த பழைய புடவையைக் கிழித்தாள். "இந்தத் தடவை நாலு முடிச்சிப் போடறேன், யார் வந்தாலும் எந்திரிக்க முடியாது" என்று சொல்லி, வீட்டுக்கோபத்தையெல்லாம் சேர்த்து இறுக்கினாள். நாற்காலி என்னவோ மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிதான். சிவப்பு வெல்வெட் துணி போர்த்தியிருந்தார்கள்.

திரை விலகியது. சிங்காரம் முகம் முழுக்க ரோஸ் பவுடர். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் வியர்வை அதில் வாய்க்கால் வெட்டியிருந்தது. முதல் வரிசையில் சிறப்பு விருந்தினராக வந்த சப்-கலெக்டர், இளவயது அம்மா. மூன்றாவது வரிசை ஓரத்தில் அறிவுமதி. பார்த்துவிட்டார். வந்துவிட்டாள்!

அதிசயம் என்னவென்றால், நாடகம் ஜோராகப் போயிற்று. ராஜமாணிக்கம் சலாம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சிங்காரத்தின் கால் அசையவே இல்லை. எப்படி அசையும்? உள்ளே வந்தது அவருடைய சொந்தத் தலைப்பாகை, சொந்தப் பட்டை, தினமும் காலையில் அவரே புளி போட்டுத் தேய்க்கும் வில்லை. தன்னைப் பார்த்துத் தானே எதற்கு எழுந்திருக்க வேண்டும்? சிங்கப்பூர் போச்சு என்று தந்தி வந்தது, துரை உட்கார்ந்தபடியே சுருட்டைக் கீழே போட்டார். ரங்கூன் போச்சு என்று வந்தது, உட்கார்ந்தபடியே பிராந்தி கேட்டார். சமையற்காரன் ஓடிவிட்டான் என்று கேட்டு, உட்கார்ந்தபடியே அழுதார். கட்டுமர விளக்கைக் கண்டு கட்டிலுக்கடியில் புகும் காட்சியை மட்டும், கட்டு இருப்பதால் மேஜைக்கடியில் தலையை விட்டுச் சமாளித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓரக்கண்ணால் பார்த்தார், அறிவுமதியும் சிரித்தாள். இன்னும் ஒரே காட்சி, ஒரே ஒரு காட்சி உட்கார்ந்துவிட்டால் போதும், மகள் பேசிவிடுவாள்.

துரை மணியை அடித்தார்.

இங்கேதான் எல்லாரும் ஒன்றை யோசிக்கத் தவறிவிட்டார்கள். கடைசிக் காட்சியில் சடையப்பன் உடுப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் அல்லவா? கைதட்டல் வாங்கப்போகிற இடத்தில் கசங்கிய சட்டையோடு வர ராஜமாணிக்கத்துக்கு மனமில்லை. புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் பேனாவும் குத்தியாயிற்று. தலைப்பாகைக்குள் வேர்த்துப்போன வழுக்கையைக் கைக்குட்டையால் துடைத்து, படி தெரிவதற்காகக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். ஆக, திரையை ஒதுக்கிக்கொண்டு மேடைக்கு வந்தது பியூன் சடையப்பன் இல்லை. காலையில் பத்து மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைகிற மேனேஜர் அப்படியே முழுசாக வந்தார். வந்தவர் கனைத்தும் தொலைத்தார்.

"க்க்கும்."

சிங்காரம் எழுந்தார். சவரியம்மாளின் முடிச்சு சவரியம்மாளின் முடிச்சுதான், இம்மியும் நெகிழவில்லை. நாற்காலிதான் பிளாஸ்டிக். அதுவும் கூடவே எழுந்தது. வெல்வெட் துணி நழுவிக் கீழே விழுந்தது. தொப்பி வைத்த துரை, குதிகாலை ஒட்டி, மணிக்கட்டைப் பிடித்து, கழுத்தைச் சாய்த்து, பின்பக்கம் வெள்ளை நாற்காலி நாலு காலையும் நீட்டிக்கொண்டிருக்க, சபை நடுவே நின்றார்.

ராஜமாணிக்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒத்திகையில் சொன்னது ஒன்றுதான் ஞாபகம் வந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலாளர் ஐயா உட்கார்ந்துவிட்டார். அடுத்து என்ன? சிங்காரத்தின் வாய் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததைச் சொன்னது.

"காபியா, டீயாங்க ஐயா?"

ராஜமாணிக்கமும் யோசிக்கவில்லை. "டீ. சக்கரை கம்மி" என்றார்.

மண்டபம் வெடித்ததே பார்க்கலாம்! விசில் பறந்தது. "வெள்ளக்காரன் எந்திரிச்சாலும் நாற்காலி விடமாட்டேங்குதுடா!" என்று பின்வரிசையில் ஒருத்தன் கூவினான். அதற்கு இன்னொரு கைதட்டல். சப்-கலெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கவாட்டில் நின்ற செம்பியன் தலையில் அடித்துக்கொண்டவன், கூட்டம் ஆர்ப்பரிப்பதைப் பார்த்து, அடித்த கையாலேயே முடியைக் கோதிவிட்டு, எல்லாம் தான் எழுதியதுபோல முன்னால் வந்து கும்பிட்டான். வாத்தியார் அல்லவா!

சிங்காரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையைத்தான் பார்த்தார். அறிவுமதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

மேடைக்குப் பின்னால் மணமகன் அறையில் வந்து நாற்காலியோடு தொப்பென்று உட்கார்ந்தார். அவமானத்தில் உடம்பு கூசியது. கடைசிக் காட்சிவரை வந்து கெடுத்துக்கொண்டோமே, எந்த மேடையில் உட்கார்ந்து காட்ட வந்தோமோ அதே மேடையில் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நின்றோமே என்று நினைக்க நினைக்க ரோஸ் பவுடரில் கண்ணீரும் சேர்ந்து இறங்கியது.

ராஜமாணிக்கம் புயலாக நுழைந்தார். "யோவ், நான் ஒக்காந்து கைதட்டு வாங்கணும்யா! நீ எந்திரிச்சி வாங்கிட்டியேய்யா!" என்று கத்தினார். கத்திக்கொண்டே வந்தவர் சிங்காரத்தின் முகத்தைப் பார்த்ததும் நின்றார். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒன்னச் சொல்லி என்னாய்யா. பியூன் வேஷத்துல ஒக்காந்துகிட்டு நான் சக்கரை கம்மின்னு கேட்டன் பாரு" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் ஒரு மாதிரி ஆகி, கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அறிவுமதி உள்ளே வந்தாள்.

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து, கோட்டைத் தூக்கிப் புடவை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. நகத்தால் பிராண்டினாள், பல்லால் கடித்து இழுத்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்தார் சிங்காரம். குனிந்து பார்த்தார். சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தாலும் சிரிக்கிறாள்.

"காபியா டீயாவா!" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். "ஏம்ப்பா, தொரைப்பா நீ! தொரை!"

அவரிடம்தான் பேசினாள். சிங்காரத்துக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கடைசி வரைக்கும் ஒக்காந்துதான் இருந்தேன் மதி. அவரு கனைச்சிட்டாரும்மா" என்றார், சின்னப் பிள்ளை போலக் குற்றம் சாட்டி.

"கனைச்சா எந்திரிச்சிடுவியா? கால்தான் அதுவா எந்திரிக்குதா? ஒக்காரணும்னு மனசுல வெச்சா ஒக்காரலாம்ப்பா. அதெல்லாம் பயம். எந்திரிக்கறவங்களப் பாத்தாலே எனக்கு..." என்று சொல்லிக்கொண்டே கடைசி முடிச்சைப் பிடுங்கினாள். கட்டு அவிழ்ந்தது. நாற்காலி வேறு, சிங்காரம் வேறு என்று ஆனார்கள்.

கதவு திறந்தது. சப்-கலெக்டர் வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார், பின்னால் செம்பியன் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

ராஜமாணிக்கம் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஆனால் அவருக்கும் முன்னால் ஒருத்தர் எழுந்தாயிற்று. அறிவுமதி. குந்தியிருந்தவள் ஒரே துள்ளலில் எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்து, அப்படியே நின்றாள். "குட் ஈவினிங் மேடம்."

சிங்காரம் அவளைப் பார்த்தார். குதிகால் இரண்டும் ஒட்டியிருந்தன. இடது மணிக்கட்டை வலது கை பிடித்திருந்தது. கழுத்து ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. இந்த நிலையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பரீட்சைக்கும் இது பாடமில்லை. அவருடைய நிற்றல், அவருடைய கழுத்து, அச்சு அசலாக அங்கே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்த பார்வையில், எழுந்திருக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"நீங்க ஒக்காருங்க, ஒக்காருங்க, நல்லாக் களைச்சிருக்கீங்க" என்றார் சப்-கலெக்டர், உட்கார்ந்தே இருந்த சிங்காரத்திடம். "அந்தக் கடைசி சீன் யார் யோசிச்சது? பிரமாதம்." செம்பியன் நெளிந்தான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அந்த அம்மா போய்விட்டார். ராஜமாணிக்கம் வாசல்வரை கூடவே ஓடினார்.

அறிவுமதி பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். அப்பா நாற்காலியில் இருந்தார். கட்டு எதுவும் இல்லை. கிழிந்த புடவைத் துண்டு தரையில் கிடந்தது. சாய்ந்து, புடைத்த காலை நீட்டி, சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்.

அவள் வாய் திறந்தபடி நின்றாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒட்டியிருந்த குதிகாலை மெதுவாக விலக்கினாள்.

"அப்பா... நான் எப்பப்பா எந்திரிச்சேன்?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்றார் சிங்காரம். கை நீட்டி ராஜமாணிக்கம் விட்டுப்போன ஸ்டூலை மகள் பக்கம் இழுத்துப் போட்டார். குரலில் கிண்டல் இருந்தது. "ஒக்காரு மதி. இன்னொரு தடவ இப்பிடி எந்திரிச்சி நின்னீன்னா, ஒன்கிட்ட நான் பேசமாட்டேன்."